பதுளை வீதியோரக் காட்டுக் கடைகள்: தேன் சுமார், பாலைப்பழம் முதல்தரம்

செங்கலடியில் பதுளை வீதிக்குக் கிறுகி, கறுத்தப்பாலம், கரடியனாறு, பெரிய புல்லுமலை என்று மஹாஓயாப் பக்கம் போனால் வழியில் இந்தக் கொட்டில்கள் கண்ணில் படும். நாலு கம்பு, மேலே நீலத் தறப்பாள், முன்னால் ஒரு பலகை. பலகையில் சாராயப் போத்தல்களில் தேன், கடகத்தில் பாலைப்பழம், விரித்த உரப்பையில் விளாம்பழம், வாளித் தண்ணீரில் காம்பு நனைய இலைக் கட்டுகள். குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளிலும் புல்லுமலைச் சுற்றாடலிலும் எடுத்த சாமான்தான் பெரும்பாலும். பெயர்ப்பலகை இல்லை, ரசீது இல்லை, சில இடத்தில் தராசும் இல்லை. ஆகவே எந்தக் கடை நல்லது என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. இந்த மாதம் இருக்கிற கொட்டில் அடுத்த மாதம் இருக்காது. எந்தச் சாமானை எப்போது வாங்கலாம், எதைத் தொடாமல் வரலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடைகளில் சனம் ஏமாறுவது கலப்படத்தால் என்று எல்லோரும் சொல்வார்கள். தேனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏமாறுவது நேரத்தால். காளானுக்கு அரை நாள், பாலைப்பழத்துக்கு ஒரு நாள், இலைக்கு ஒன்றரை நாள். அதற்குள் வாங்கினால் நகரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான். அது கடந்தால் காசு குப்பையில். தேனிலும் பாதிப் பிரச்சினை நேரம்தான்: தேனீ மெழுகால் மூடி முடிக்க முன்னமே தேன்வதையை அறுத்துவிடுகிறார்கள்.

தேனில் இருந்தே தொடங்குவோம், ஏனென்றால் வாகனத்தை நிறுத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் நிறுத்துகிறார்கள். "காட்டுத்தேன்" என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது நாலு வகையில் ஏதோ ஒன்று. பாறை விளிம்பின் கீழும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பெரிய வதையாகத் தொங்குவது மலைத்தேன். ஒரு வதை ஒரு மீற்றர் அகலத்துக்கும் வரும். மரப்பொந்துக்குள் பல வதைகளாக அடுக்கி இருப்பது பொந்துத்தேன். பற்றைக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டுவது கொம்புத்தேன். கொட்டாத சின்னத் தேனீ மெழுகுக் குடங்களில் சேர்ப்பது கொசுத்தேன். கொஞ்சம் புளிக்கும், தண்ணியாக இருக்கும், அளவும் மிகக் குறைவு. கொசுத்தேன் என்று சொல்லி முழுப் போத்தல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் அங்கேயே சிரித்துவிட்டு வரலாம். அவ்வளவு கொசுத்தேன் சேர்க்க எத்தனை மரம் பிளக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் தெரியும்.

போத்தலில் வருவது அநேகமாக மலைத்தேன். அந்த வதையில் தேன் இருப்பது மேலே, கிளையோடு ஒட்டிய தடித்த பகுதியில் மட்டும்தான். கீழே தொங்குவது முழுக்கத் தேனீக் குஞ்சு. ஒழுங்காக எடுக்கிறவர் மேல்பகுதியை மட்டும் அறுத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாக வடிய விடுவார். அவசரக்காரர் முழு வதையையும் வாளிக்குள் போட்டுக் கையால் பிழிவார். பிழிந்த தேனில் குஞ்சுச் சாறும் மகரந்தமும் சேரும். நிறம் கலங்கும், மேலே நுரை தட்டும், இரண்டு மூன்று கிழமையில் புளித்த வாசம் வரும். வாங்கியவர் "சீனி கலந்து தந்துவிட்டான்" என்று திட்டுவார். உண்மையில் சீனி இல்லை, குஞ்சுதான் கலந்தது.

அதனால் கடைக்காரரிடம் "நல்ல தேனா?" என்று கேட்காதீர்கள். கெட்ட தேன் என்று யார் சொல்லப் போகிறார்கள். என்ன தேன், எப்போது எடுத்தது, பிழிந்ததா வடித்ததா. மூன்றே கேள்வி. "பிழிஞ்சதுதான் மனே, வடிக்க எங்க நேரம்" என்று நேராகச் சொல்லுகிற அம்மாவிடம் வாங்கலாம். உடனே பாவிக்க வேண்டும் என்று தெரிந்து வாங்குகிறோம், அவ்வளவுதான். எல்லாக் கேள்விக்கும் "எல்லாம் ஒறிஜினல்" என்று மட்டும் பதில் வந்தால் விளாம்பழம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுச் சோதனைகள் பற்றி. நல்ல தேன் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகும், நெருப்புக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்தினால் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது, ரிசுப் பேப்பரில் ஊறாது என்பார்கள். ஒன்றும் வேலைக்கு ஆகாது. கெட்டியாகக் காய்ச்சிய சீனிப் பாகும் தண்ணீருக்குள் கட்டியாக இறங்கும். தண்ணீர்ச் சத்துக் கூடிய நல்ல தேன் பேப்பரில் ஊறும். எறும்புக்குத் தேன் என்றும் பாகு என்றும் பேதம் கிடையாது. விற்கிறவர் உங்கள் முன்னால் நெருப்புக்குச்சி கொளுத்திக் காட்டினால் அதை வித்தையாகப் பார்த்து ரசிக்கலாம், ஆதாரமாக எடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு. அது கலப்படத்தைக் காட்டாது. தேன் முற்றியதா, தண்ணியா என்று காட்டும். தேவையானது சமையலறைத் தராசு ஒன்று. வெறும் போத்தலை நிறுத்துக் குறியுங்கள். கழுத்தில் ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் விட்டு நிறுங்கள். தண்ணீரைக் கொட்டி நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை தேன் விட்டு நிறுங்கள். இரண்டிலும் போத்தல் நிறையைக் கழித்துவிட்டு, தேனின் நிறையைத் தண்ணீரின் நிறையால் பிரியுங்கள். 1.40க்குக் கிட்ட வந்தால் தேனில் தண்ணீர் 20 வீதம் அளவில். நல்லது, வைத்துப் பாவிக்கலாம். நமது வெக்கைக்கு 1.39 வந்தாலும் குறை சொல்ல வேண்டாம். 1.37 என்றால் தண்ணீர் 25 வீதத்துக்குக் கிட்ட. அது புளிக்கும். எப்போது என்பதுதான் கேள்வி. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் தேனுக்கு வைத்திருக்கும் பொது எல்லை 20 வீதம். நமது காட்டுத்தேன் பல நேரம் அதைத் தாண்டும். மழை நாளில் எடுத்தது நிச்சயம் தாண்டும். மேலே சொன்ன கொசுத்தேனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அது இயல்பிலேயே தண்ணி கூடியது.

இதே கணக்கு விலைக்கும் உதவும். 750 மில்லிப் போத்தலில் நல்ல தேன் இருந்தால் உள்ளே இருப்பது ஒரு கிலோவும் ஐம்பது கிராமும். சுப்பர் மார்க்கட்டில் 350 கிராம் போத்தல் வாங்கி ஒப்பிடுகிறவர்கள் மில்லியையும் கிராமையும் குழப்பி, வீதியோரத் தேன் விலை கூட என்று நினைக்கிறார்கள். மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

சரி, கலப்படம்? இங்கே கலப்பது இரண்டு: சீனிப் பாகு, கித்துள் பாணி. சீனிப் பாகு கலந்ததில் இனிப்பு நுனிநாக்கில் நிற்கும். தேனுக்குரிய தொண்டைக் காறல் வராது. கித்துள் கலந்ததைப் பிடிக்க, ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து ஆவியை மணந்து பாருங்கள். அடுப்புப் புகையும் கருகிய சர்க்கரை வாசமும் வந்தால் பாணி. ஆனால் புகை போட்டு எடுத்த தேனிலும் புகை மணக்கும், ஆகவே இதுவும் முடிந்த முடிவில்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் சிக்கல் இருக்கிறது. காபன் சமதானிச் சோதனை, அதாவது சீனி எந்த வகைத் தாவரத்தில் இருந்து வந்தது என்று காபனை வைத்துப் பார்ப்பது, கரும்புச் சீனியைக் காட்டிக் கொடுக்கும். கித்துள் பனை வகை, அது காபனைப் பிடிக்கும் விதம் தேன் தரும் பூமரங்களைப் போன்றதே, அதனால் அந்தச் சோதனையில் தப்பிவிடும். கித்துள் விளையும் நாட்டில் இது ஒரு நல்ல பகிடி.

இவ்வளவு கரைச்சல் வேண்டாம் என்றால் வதையோடு வாங்குங்கள். யூன், யூலையில் சில கொட்டில்களில் அறுத்த வதைத் துண்டு ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கும். அதில் கலப்படம் செய்வது மினக்கேடான வேலை. பார்க்க வேண்டியது மூடிதான். அறைகளின் மேல் தட்டையாக, வெண்மையாக மெழுகு மூடி இருந்தால் தேன் முற்றியது. மூடி இல்லாமல் அறைக்குள் தேன் பளபளத்தால், துண்டைச் சரித்தவுடன் ஒழுகினால், பிஞ்சுத் தேன். மூடி மண்ணிறமாக, கொஞ்சம் புடைத்து, தொட்டால் துணி மாதிரி மெத்தென்று இருந்தால் உள்ளே இருப்பது குஞ்சு. பாதிக்கு மேல் வெள்ளை மூடி உள்ள துண்டாகப் பொறுக்குங்கள். வீட்டில் மூடியைக் கத்தியால் சீவி, வடிதட்டில் கவிழ்த்து, மேலே துணி மூடி ஒரு இரவு வைத்தால் தானாக வடியும். பிழியக் கூடாது.

போத்தல் தேனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூடியை இறுக்காமல் இரண்டு கிழமை வையுங்கள். கடதாசி அடைப்போடு விற்பது சோம்பலால் என்று நினைக்க வேண்டாம்; வாயு போக வழி வேண்டும். இறுக்கி மூடி வெயிலில் காரின் பின் சீற்றில் வைத்த போத்தல் வெடித்தால் சீற் உறையைத்தான் மாற்ற வேண்டி வரும். மேலே மிதக்கும் மெழுகுத் தூளையும் நுரையையும் காய்ந்த கரண்டியால் எடுத்துவிடலாம். அடியில் சீனி மாதிரி உறைந்தால் அது கலப்படத்துக்குச் சாட்சி இல்லை, நல்ல தேனும் உறையும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை இறக்கி வைத்தால் கரையும், அடுப்பில் வைக்காதீர்கள். இன்னொன்று, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது: ஒரு வயது ஆகாத பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற பழக்கத்தை விடுங்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். எவ்வளவு சுத்தமான தேன் என்றாலும் இதுதான் கதை.

தேனுக்கு மொத்தத்தில் 10க்கு 5. வதைக்கு 8.

பாலைப்பழத்துக்கு வருவோம். இந்த வீதியில் நிறுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான், அதுவும் வருடம் தவறாமல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் காய்த்துக் கொட்டும், அடுத்த வருடம் மரம் சும்மா நிற்கும். வைகாசி முடிவில் தொடங்கி ஆடி வரை. சுண்டங்காயைவிடக் கொஞ்சம் நீண்ட மஞ்சள் பழம், உள்ளே பளபளப்பான ஒரு கொட்டை. நல்ல பழத்தின் இனிப்புக்கு முன்னால் தோடம்பழம் எல்லாம் தண்ணீர். கரடிக்கும் இதுதான் உயிர். பாலை பழுக்கும் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் மரத்தடியைத் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போவார்கள்.

பழம் எடுப்பதில் இரண்டு விதம். கீழே சீலை விரித்துக் கிளையை உலுப்பி எடுப்பது ஒன்று. பழுத்தது மட்டும் விழும். கிளையையே தறித்து விழுத்திப் பறிப்பது மற்றது. அதில் செங்காயும் பழமும் கலந்திருக்கும், காம்பு ஒட்டியிருக்கும், பால் கூட. கடகத்துக்குள் கையை விட்டு அடியில் இருந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பச்சை ஓரம் உள்ள காய்கள் கூட இருந்தால், காம்போடு இலைத் துண்டுகள் வந்தால், அது தறித்த மரத்துப் பழம். வாங்காமல் வருவதற்கு வாய்க்குப் பிடிக்காதது ஒரு காரணம். நூறு வருடம் நிற்கக்கூடிய மரத்தை ஒரு கடகம் பழத்துக்காக மொட்டையடிப்பது இன்னொரு காரணம்.

விற்பது சுண்டு அளவில். அளக்கிற பேணியின் அடியைப் பாருங்கள். உள்ளே நசுங்கிக் குழிந்த பேணியில் ஒவ்வொரு சுண்டிலும் பத்துப் பதினைந்து பழம் குறையும். இது சின்னக் களவு, ஆனால் எல்லா இடத்திலும் உள்ள களவு. குவித்து அளந்தால் சரியாகிவிடும், "குவிச்சுத் தாங்க அக்கா" என்றால் மறுக்க மாட்டார்கள்.

பொலித்தீன் பையில் கட்டித் தருவார்கள். அதுதான் கெடுக்கிற இடம். பை இறுகி, வெக்கை ஏறி, மட்டக்களப்பு ரவுண் வந்து சேர்வதற்குள் பழம் வியர்த்து நசிந்துவிடும். பின்னேரம் திறந்தால் கள்ளு வாசம். ஒரு கடதாசிப் பெட்டியோ ஓலைப் பெட்டியோ கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் கழுவாமல் பேப்பரில் பரப்பி, நசிந்ததைப் பொறுக்கி எறிந்து, சாப்பிடும் போது மட்டும் கழுவுங்கள். அப்படி வைத்தால் அடுத்த நாள் மத்தியானம் வரை தாங்கும். மிஞ்சியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் முந்திரிகை வத்தல் மாதிரிச் சுருங்கும். மாதக் கணக்கில் கிடக்கும். தின்ன முன் உதட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டி உதடு பிசின் ஆகும். ஒட்டிய பிறகு தண்ணீரில் தேய்ப்பது வீண் வேலை, அதற்கும் எண்ணெய்தான்.

10க்கு 9. ஒரு புள்ளி பேணிக்காகக் குறைத்தது.

வீரைப்பழம் சிவப்பு, பாலையோடு ஒரே கடகத்தில் கலந்தும் கிடக்கும். சதை மெல்லியது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நாவல், சூரை, கிளாக்காய் எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு.

ஐப்பசி மழை தொடங்கினால் காளான். புற்றில் முளைக்கும் காளான் தேங்காய்ப்பாலும் மிளகும் போட்டு வைத்தால் இறைச்சி தோற்கும், இதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இந்தக் கடைகளில் கண் மூடி வாங்கக் கூடாத சாமானும் இதுதான். வீதியோரத்தில் விற்கிறவர் பறித்தவராக இருக்க மாட்டார். பறித்தவர் எங்கே பறித்தார் என்பது விற்கிறவருக்குத் தெரியாது. வேர் இல்லாமல், குடை மட்டும் நறுக்கிப் பையில் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் விடுங்கள். புற்றுக்காளானை மண்ணோடு கிண்டி எடுத்தால் தண்டின் அடி மெல்லிய வேராக நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும். குடையின் நடுவில் கடினமான ஒரு முனை, முலைக்காம்பு போல. தண்டின் அடியில் பை மாதிரி, கிழிந்த முட்டைக்கோது மாதிரி ஒரு உறை இருந்தால் அதைத் தொட்ட கையையும் கழுவுங்கள். ஆளைக் கொல்லும் காளான்கள் பலவற்றின் அடையாளம் அந்த உறை. விற்கிறவர் காம்பை நறுக்கும்போது போவதும் அந்த உறைதான்.

சந்தேகம் இருந்தால் குடையில் இருந்து உதிரும் வித்துத் தூளைப் பதித்துப் பாருங்கள். குடை ஒன்றைத் தண்டு நீக்கி, மடல் கீழே பார்க்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியில் கவிழ்த்து, கோப்பையால் மூடி நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் விடுங்கள். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. பச்சையாகப் படிந்தால் அது புல்வெளியில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக்காளான். பார்ப்பதற்கு அச்சு அசல் நல்ல காளான், தின்ற ஒன்று தொடக்கம் மூன்று மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும். வெள்ளையாகப் படிந்தாலும் எறிந்துவிடுங்கள். வெள்ளிக் காசு கறுக்குதா, மஞ்சள் நிறம் மாறுதா, உள்ளி நீலமாகுதா என்று பார்ப்பது எல்லாம் பாட்டிமார் கதை, ஆள் செத்த பிறகும் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். புழு தின்றிருக்கிறது, ஆகவே மனிதனுக்கும் நல்லது என்பதும் பிழை. கொல்லும் காளானின் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. அதன் குணங்குறி ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும், பல நேரம் அடுத்த நாள் காலையில். தின்று வெகு நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் அதுதான் பயப்பட வேண்டியது. மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், சுடுதண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

நல்ல காளான் என்றாலும் காலை ஒன்பது மணிக்கு முன் வாங்கி மத்தியானம் சமைக்க வேண்டும். தண்டை நீளவாக்கில் பிளந்தால் புழுத் துளை தெரியும். குடை முழுக்க விரிந்து ஓரம் கிழிந்தது பழசு. மொட்டும் பாதி விரிந்ததும் எடுங்கள். இதற்குப் புள்ளி போடவில்லை. மண்ணோடு, வேரோடு, பறித்தவர் கையால் நேரே கிடைத்தால் 10, இல்லாவிட்டால் பூச்சியம்.

இலை வகையில் குறைந்த காசுக்கு நிறைந்த சாமான் குறிஞ்சா. ஒரு சிக்கல், இந்தப் பெயரில் இரண்டு கொடி உண்டு. சுண்டல் போடுவது பெருங்குறிஞ்சா. இலை உள்ளங்கை அகலம், அடி நெஞ்சு வடிவம். சிறுகுறிஞ்சா இலை சிறியது, மெல்லிய மயிர் உண்டு, மருந்துக்கு எடுப்பது. கட்டில் கலந்து கிடந்தால் பிரிக்க ஒரு எளிய வழி: இலை ஒன்றைச் சப்பித் துப்பிவிட்டு நாக்கில் கொஞ்சம் சீனி போடுங்கள். சீனி இனிக்காமல் மணல் மாதிரி இருந்தால் சிறுகுறிஞ்சா. அரை மணித்தியாலம் வரை எந்த இனிப்பும் தெரியாது. நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறவர்கள் "சீனிக்கு நல்லது" என்று இதைக் கட்டுக் கட்டாகத் தின்ன வேண்டாம். குளிசையும் இலையும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கிவிடும்.

பெருங்குறிஞ்சா சுண்டலுக்கு நடு நரம்பை உரித்து, இருபது இலையை ஒன்றாகச் சுருட்டி நூல் போல அரியுங்கள். அரிந்த இலை எவ்வளவோ அதே அளவு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம் ஏழெட்டு, பச்சை மிளகாய் இரண்டு, மஞ்சள் ஒரு சிட்டிகை, இடித்த மாசி ஒரு தேக்கரண்டி. சட்டி காய்ந்த பிறகு வெங்காயமும் மிளகாயும், பிறகு இலை, கடைசியில் தேங்காய்ப்பூ. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். இறக்கிய பின்தான் தேசிக்காய். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பச்சை போய் மண்ணிறமாகும். மூடி வைத்து அவித்தாலும் அதே கதி. முசுட்டை என்றால் இலையின் கீழ்ப்பக்கத்து வெள்ளி மயிரில் மண் பிடித்திருக்கும், மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

இலையில் கவனிக்க வேண்டியது எங்கே பறித்தது என்பது. காட்டு ஓரத்தில் பறித்ததும் வயல் வரம்பில் பறித்ததும் ஒரே வாளியில் நிற்கும். வயலுக்குக் களைநாசினி அடிக்கிற காலத்தில் வரம்புக் கொடியின் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகியிருக்கும், நுனி சுருளும். அப்படி ஒரு இலை இருந்தாலும் கட்டு முழுவதையும் விடுங்கள். வாளித் தண்ணீரில் நிற்கிற இலை இரண்டாம் நாளும் பச்சையாகவே தெரியும், காம்பின் வெட்டு முகத்தைப் பாருங்கள்: கறுத்து வழுவழுத்தால் பழசு. 10க்கு 8.

கிழங்கு எல்லா நேரமும் இருக்காது. காட்டுவள்ளி கிடைத்தால் விலை கூடவாகச் சொல்வார்கள், சொல்லட்டும். ஒரு கிழங்குக்கு ஒரு மீற்றர் ஆழம் கிண்ட வேண்டும். தோலோடு அரை மணித்தியாலம் அவித்து, உரித்து, சம்பலோடு சாப்பிடுங்கள். அவித்த பிறகும் கசந்தால் முழுவதையும் கொட்டுங்கள், கசப்பைச் சம்பலால் மறைக்கப் பார்க்காதீர்கள். காட்டுக்கரணை தொண்டையை அரிக்கும், கையையும் அரிக்கும். கைக்கு எண்ணெய் பூசி வெட்டிப் புளி விட்டு அவிக்க வேண்டும்.

ஆனால் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு, நியங்கலா என்பது, வத்தாளை என்றும் வள்ளி என்றும் நினைத்துத் தின்று இலங்கையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் அழியாது. அடையாளம் கிழங்கின் வடிவம்: விரல் மாதிரி உருண்டு, நடுவில் மடிந்து இரண்டு கவராகப் பிரியும், கலப்பை போல. கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். காட்டுவள்ளி பொதுவாக அப்படிக் கவராகாது, மயிர் வேர் முளைத்து நேரே நீளும். துண்டு துண்டாக வெட்டி வைத்த காட்டுக் கிழங்கை அதனால்தான் வாங்கக் கூடாது, முழு வடிவம் தெரிய வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. மாதுறு ஓயா 1983இலும் கல்லோயா 1954இலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்த எல்லைக்குள் தேனோ கிழங்கோ எடுக்க முடியாது. வீதியோரத்தில் நின்று எந்த எல்லைக்குள் எடுத்தது என்று பிடிக்க வழியில்லை, ஆனால் "பூங்காக்குள்ள போய் எடுத்த தேன், வேற எங்கயும் கிடைக்காது" என்று பெருமையாகச் சொல்லி விற்றால் அதற்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். பலகைக்குக் கீழே இருந்து "இறைச்சியும் இருக்கு" என்று மெதுவாகச் சொல்கிற இடத்தில் வாகனத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மான், மரை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

விளாம்பழத்துக்கு மட்டும் எந்தப் பயமும் இல்லை. ஓடு கெட்டி, ஒரு கிழமைக்கு மேல் கிடக்கும், கலப்படம் செய்ய வழியில்லை. ஒரு முழ உயரத்தில் இருந்து சீமெந்துத் தரையிலோ தார் வீதியிலோ விழ விடுங்கள். துள்ளினால் காய், துள்ளாமல் பொத்தென்று கிடந்தால் பழம். வெடிப்பு இருந்தால் மணந்து பாருங்கள், பூஞ்சண வாசம் வந்தால் திரும்ப வையுங்கள். உள்ளே சதை கறுத்த மண்ணிறமாக இருக்க வேண்டும். பத்துப் பழம் எடுத்தால் ஒன்று கூடத் தருவார்கள்; அதையும் விழுத்திப் பார்த்தே எடுங்கள், ஏனென்றால் கூடத் தருகிற அந்த ஒன்றுதான் துள்ளும்.